மாலைக்கண்ணும் விழித்திரையும்

கஞ்சமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் பொழுது சாயும் நேரம். மேய்ச்சலுக்குச் சென்ற கால்நடைகள் தொழுவம் திரும்புகின்றன. தறிக் கூடங்களில் விளக்கு எரியத் தொடங்குகிறது. அவ்வேளையில், பகலெல்லாம் ஓடியாடித் திரிந்த சிறுவன் ஒருவன் தன் வீட்டு வாசற்படியிலேயே இடறி விழுகிறான். எதிரே இருக்கும் தண்ணீர்ச் செம்பைக் கையால் துழாவுகிறான். வீட்டுப் பெரியவர்கள் அதனைக் கண்டு, “பிள்ளைக்கு மாலைக்கண்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

மாலைக்கண் என்பது பழமையான சொல், பொருத்தமான சொல்லுங்கூட. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே வெவ்வேறான இரண்டு நோய்கள் மறைந்து நின்றன. ஒன்று உணவினால் வருவது. கீரையாலும் முட்டையாலும் தீரக்கூடியது. மற்றொன்று பரம்பரையாக வருவது. விழித்திரையைச் சிறுகச் சிறுகத் தேய்த்து அழிப்பது. இவ்விரண்டையும் பிரித்தறிய மனித அறிவுக்கு நூறாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விழைகின்றேன். அது எங்கோ ஐரோப்பாவில் நிகழ்ந்து முடிந்த கதையன்று. நம் ஊர்த் திருமணப் பந்தல் வரையில் வந்து நிற்கும் கதை.

முதலில் விழித்திரை யாதென்று காண்போம். கண்ணின் பின்புற உட்சுவரில், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனமே உடையதாய்ப் படிந்திருக்கும் மெல்லிய சவ்வு அது. அதில் ஒளியை உணரும் செல்கள் இரு வகையாக உள்ளன. கோல் செல்கள் சுமார் 12 கோடி. இவை மங்கிய ஒளியிலும், பக்கப் பார்வையிலும் நமக்குத் துணை நிற்பவை. கூம்பு செல்கள் சுமார் 60 இலட்சம். இவை பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுபவை. கோல் செல்கள் சோர்ந்தால் மாலையில் பார்வை மங்கும். அவை ஏன் சோர்ந்தன என்பதே மருத்துவத்தின் முன் நின்ற கேள்வி.

அக்கேள்விக்கு விடை காணாத காலத்திலும் மருந்து மட்டும் தெரிந்திருந்தது என்பது வியப்புக்குரியது. மாலைக்கண்ணுக்கு ஈரலை உண்ணுமாறு பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும் கூறினர். நம் நாட்டில் சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலும் ஆட்டின் ஈரலை மருந்தாகச் சொல்கிறது. சிலருக்கு அம்மருந்து பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. பலிக்காதபோது அதனை விதி என்றும் முன்வினை என்றும் சொல்லி அமைந்தார்களேயன்றி, இது வேறொரு நோயாக இருக்கலாம் என்று எண்ணியவர் இலர்.

எண்ணுவதற்கு வழியும் இல்லை. உயிருள்ள மனிதனின் விழித்திரையை எவரும் கண்டதில்லை. சென்னை எழும்பூரில் இன்றும் புகழுடன் விளங்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று அது. ஆயினும் அதன் முதல் முப்பது ஆண்டுகளில் அங்கிருந்த மருத்துவர்கள் கண்ணின் முன்பகுதியை மட்டுமே காண முடிந்தது. கண்மணிக்கு அப்பால் எல்லாம் இருளே.

அவ்விருளை நீக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, அது திரும்பி வரும் அதே பாதையில் நம் கண்ணை வைத்துப் பார்த்தால் உட்சுவர் தெரிய வேண்டுமே என்று அவர் எண்ணினார். கண்ணாடித் தகடுகளையும் ஒரு வில்லையையும் கொண்டு எளிய கருவி ஒன்றைச் செய்து, 1851-ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய நூலை வெளியிட்டார். கண்ணோக்கி என்று நாம் சொல்லும் கருவி அதுவே.

கண்ணோக்கி வந்த பத்தாண்டுகளுக்குள் இரண்டாவது நோய் தன் முகத்தைக் காட்டிற்று. மாலைக்கண் உடைய சிலருடைய விழித்திரையில், எலும்புச் சிம்புகளைத் தூவினாற்போலக் கரிய நிறமிப் படிவுகள் தெரிந்தன. இரத்தக் குழாய்கள் நூலிழைபோல் மெலிந்திருந்தன. டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1857-ஆம் ஆண்டில் அதற்கு ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்று பெயரிட்டார். அப்பெயரின் முற்பகுதி அழற்சியைக் குறிப்பது. உண்மையில் இந்நோயின் மூலம் அழற்சியன்று, தேய்வே. பிழையான பெயர் நிலைத்துவிட்டது; நாம் இதனை விழித்திரை நிறமித் தேய்வு என்போம்.

இந்நோய் உடையவர்க்கு முதலில் இரவுப் பார்வை குறைகிறது. பின்னர் பக்கப் பார்வை சுருங்குகிறது. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, மறு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள்; அவர் காணும் உலகம் உங்களுக்கு ஓரளவு விளங்கும். குழலின் நடுவே தெரிவது தெளிவாகவே தெரியும். அதனாலேயே இந்நோயாளி ஒருவர், சுவரில் தொங்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியைக்கூடப் பிழையின்றிப் படித்துவிடலாம். ஆனால் பக்கத்தில் வரும் மாட்டு வண்டியைக் காணமாட்டார். இரவெல்லாம் லாரிகள் புறப்பட்டுச் செல்லும் நாமக்கல் வட்டாரத்தில் இதன் பொருள் என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1861-ஆம் ஆண்டில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. பெர்லினில் ரிச்சர்ட் லீப்ரைக் என்னும் கண் மருத்துவர் இந்நோயாளிகளின் குடும்ப வரலாற்றை ஆராய்ந்தபோது, அவர்களுள் பலர் இரத்த உறவினர்க்குள் நிகழ்ந்த திருமணத்தில் பிறந்தவர்கள் என்று கண்டார். மரபு விதிகளை மெண்டல் உலகுக்கு உரைத்ததற்கும் முந்திய கண்டுபிடிப்பு இது. காரணம் அவருக்குத் தெரியாது. ஆயினும் கண்டதைப் பதிவு செய்தார்.

இனி, முதல் நோயின் கதைக்கு வருவோம். 1876-ஆம் ஆண்டு தமிழ் மக்கள் மறக்கவொண்ணாத ஆண்டு. தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது அப்போதுதான். சென்னை மாகாணத்தில் அப்பஞ்சத்தால் கடுமையாக நலிந்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871-ஆம் ஆண்டில் எடுத்த மக்கள் கணக்கைக் காட்டிலும் 1881-ஆம் ஆண்டின் கணக்கில் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்து காணப்பட்டது. பஞ்சம் நுழைந்த இடமெல்லாம் மாலைக்கண்ணும் உடன் நுழையும் என்பது உலகம் கண்ட உண்மை.

அதே 1876-ஆம் ஆண்டில், ரோம் நகரில் பிரான்ஸ் போல் என்னும் இளம் ஆய்வாளர் தவளையின் விழித்திரையை இருட்டில் பிரித்தெடுத்துப் பார்த்தார். அது செந்நிறமாக ஒளிர்ந்தது. வெளிச்சம் பட்டதும் நிறம் வெளுத்துப் போயிற்று. கோல் செல்களில் உள்ள அந்த நிறப்பொருளே பார்வைச் செம்பொருள். பிற்காலத்தார் ரோடாப்சின் என்பர். ஹைடல்பர்க்கில் வில்லி கூனே என்பவர் மேலும் ஒரு நுட்பத்தைக் கண்டார். வெளுத்த விழித்திரையைத் தனியே வைத்தால் நிறம் மீள்வதில்லை. அதன் பின்னுள்ள கரிய நிறமிப் படலத்தின்மேல் மீண்டும் படிய வைத்தால் நிறம் திரும்புகிறது. அன்பர்களே, இந்த நிறமிப் படலத்தை நினைவில் இருத்திக் கொள்ளுங்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து இக்கதை அதே இடத்திற்குத் திரும்பி வரப்போகிறது.

நிறத்தை மீட்கும் பொருள் யாது? 1913-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள், பின்னர் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்ற உயிர்ச்சத்தை வெண்ணெயிலும் முட்டை மஞ்சளிலும் கண்டறிந்தனர். 1933-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வால்ட் அதே உயிர்ச்சத்தை விழித்திரையிலேயே கண்டார். ரோடாப்சின் என்பது ஆப்சின் என்னும் புரதமும் வைட்டமின் ஏ-இலிருந்து உண்டாகும் ஒரு பொருளும் இணைந்தது என்பது இதனால் விளங்கிற்று. இப்பணிக்காக 1967-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. உணவில் உயிர்ச்சத்து இல்லையேல் செம்பொருள் இல்லை. செம்பொருள் இல்லையேல் மாலைப் பார்வை இல்லை. ஈரல் ஏன் மருந்தாயிற்று என்ற பழங்கேள்விக்கும் விடை கிடைத்தது. உடல் தன் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கும் கருவூலம் ஈரலே.

இவ்வறிவு செயலாக மாறியதில் தமிழகத்திற்குச் சிறப்பான பங்கு உண்டு. இந்திய உணவுகளின் சத்தினை அளந்து ஆராய்ந்த ஆய்வுக்கூடம் நீலகிரியில் குன்னூரில்தான் இயங்கியது. அது 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் இந்திய அரசு, சிறு குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகு வைட்டமின் ஏ-யை வாய்வழி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளியில் சுமார் 15,000 குழந்தைகளிடையே டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் நடத்திய ஆய்வு 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பே பாதிக்கு மேல் குறைந்ததென்று அது காட்டியது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காத்தது.

நம் சமவெளியின் நிலத்தையும் இக்கதையோடு பொருத்திப் பாருங்கள். சேலம், இராசிபுரம், ஆத்தூர்ப் பகுதிகளில் மரவள்ளி விளைகிறது. அதன் மாவே ஜவ்வரிசியாகி நாடெங்கும் செல்கிறது. மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் வெண்ணிறக் கிழங்கில் வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். அதே மண்ணின் வேலியோரத்தில் முருங்கை நிற்கிறது. நாமக்கல்லிலோ கோழிப் பண்ணைகள் மலிந்துள்ளன. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவும், 1982-ஆம் ஆண்டில் எம். ஜி. ஆர். ஆட்சியில் சத்துணவும் வந்தன. பின்னர் அத்தட்டில் முட்டையும் சேர்ந்தது. உணவினால் வரும் மாலைக்கண் நம் நாட்டில் பெரிதும் குறைந்ததற்கு இவையனைத்தும் சேர்ந்தே காரணம்.

முதல் நோய் பின்வாங்கியதும் இரண்டாவது நோய் தனித்துத் தெரியலாயிற்று. அதனைக் கண்டறியும் கருவிகளும் கூர்மை பெற்றன. ஒளி படும்போது விழித்திரையில் எழும் நுண்ணிய மின்னலையைப் பதிவு செய்யும் முறையை 1945-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் யோஸ்டா கார்ப்பே மருத்துவப் பயன்பாட்டிற்குக் கொணர்ந்தார். நிறமிப் படிவுகள் தோன்றும் முன்னரே, இந்நோயாளியின் மின்னலை தளர்ந்து விடுகிறது. 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ஓ.சி.டி. என்னும் கருவி, ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகப் படம் பிடித்துக் காட்டியது. தமிழகத்தில் 1976-ஆம் ஆண்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையும், விழித்திரை மருத்துவத்தில் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் இக்கலையை நம் மக்களுக்கு அண்மையில் கொண்டுவந்தன.

நோயின் வேர் எங்குளது என்பது 1990-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அமெரிக்காவில் டிரைஜா என்பவரும் துணைவரும், நிறமித் தேய்வு உடைய சில குடும்பங்களில் ரோடாப்சின் மரபணுவிலேயே பழுது இருப்பதைக் கண்டனர். என்ன விந்தை! போல் தவளையின் கண்ணில் கண்ட அதே செம்பொருள்! அதன் ஒரு பாதியான உயிர்ச்சத்து குறைந்தால் முதல் நோய். மறு பாதியான புரதம் பழுதுற்றால் இரண்டாவது நோய். நம் முன்னோர் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததில் அவர்கள் அறியாத ஓர் உண்மையும் ஒளிந்திருந்தது.

அதன்பின் பழுதுற்ற மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இன்று இந்நோய்க்குக் காரணமாக 80-க்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஆர்.பி.இ.65 என்பது. வெளுத்துப்போன உயிர்ச்சத்தை மீண்டும் பயன்படும் வடிவுக்கு மாற்றும் நொதியை உண்டாக்கும் மரபணு அது. கூனே கண்ட அந்தக் கரிய நிறமிப் படலத்திலேதான் அது தொழில் புரிகிறது. இதன் பழுது குழந்தைப் பருவத்திலேயே கடுமையான பார்வையிழப்பை உண்டாக்குகிறது என்று 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், ஜெர்மானிய அறிஞர்களோடு டாக்டர் குமாரமாணிக்கவேல் முதலிய தமிழக ஆய்வாளர்களும் பங்கு கொண்டிருந்தனர். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், நல்ல மரபணுவைத் தீங்கற்ற நச்சுயிரி ஒன்றில் ஏற்றி விழித்திரையின் அடியிற் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. பல்லாண்டு இருளில் இருந்த குழந்தைகள் சிலர் மங்கிய ஒளியில் தாமே நடந்து சென்றனர்.

மகிழ வேண்டிய செய்தியே. எனினும் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அச்சிகிச்சை இந்த ஒரு மரபணு பழுதுற்றவர்க்கே பயன்படும்; அவர்கள் நோயாளிகளுள் சிறு தொகையினர். அது வெளிவந்தபோது இரு கண்களுக்கும் குறித்த விலை 8,50,000 டாலர். நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். அன்றியும், உயிரோடிருக்கும் செல்களுக்கே அது உதவும். மாண்ட செல்லை மீட்காது. ஆகவே எந்த மரபணு பழுதுற்றது என்பதைக் காலத்தே அறிவதே வருங்காலச் சிகிச்சைகளுக்கு நுழைவாயில்.

நோயைப் பிரித்தறியாமல் மருந்து கொடுப்பதும் தீங்கு. மிகுந்த அளவு வைட்டமின் ஏ நிறமித் தேய்வைச் சற்றே தாமதப்படுத்தும் என்று 1993-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. 2023-ஆம் ஆண்டின் மறு ஆய்வு அதனை உறுதி செய்யவில்லை. ஸ்டார்கார்ட் நோய் என்னும் வேறொரு விழித்திரைத் தேய்விலோ அதே உயிர்ச்சத்து மிகுந்தால் கேடு விளையலாம். முதியோர்க்கு வரும் நடுப்பார்வைத் தேய்விலும் இவ்வாறே ஒரு பெயருக்குள் இரு வகை உண்டு. புதிய இரத்தக் குழாய் முளைத்துக் கசியும் வகைக்கு 2006-ஆம் ஆண்டு முதல் கண்ணுக்குள் செலுத்தும் நல்ல ஊசிமருந்து கிடைக்கிறது. உலர் வகைக்கு அம்மருந்து பயன்படாது. பெயரைச் சரியாக அறிவதே சிகிச்சையின் முதற்படி என்பதற்கு இவையெல்லாம் சான்று.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மேலை நாடுகளில் சுமார் 4,000 பேருக்கு ஒருவர் நிறமித் தேய்வு உடையவர். சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, தென்னிந்தியாவில் 40 வயதைக் கடந்தவர்களுள் நகர்ப்புறத்தில் 930 பேருக்கு ஒருவரும், கிராமப்புறத்தில் 372 பேருக்கு ஒருவரும் இந்நோய் உடையவர். இவ்வேறுபாட்டை எண்ணும்போது, லீப்ரைக் 1861-ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பு நம் நினைவுக்கு வராமற் போகாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் இரத்த உறவினரையே மணந்தவர்கள்.

இதன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒரு பிரதி பழுதானாலும் மற்றொன்று நன்றாயிருந்தால் பெரும்பாலும் நோய் வருவதில்லை. அத்தகையவர் தாம் அப்பழுதைச் சுமப்பதை அறியாமலே வாழ்கிறார். ஒரே மரபணுவில் பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அயலார் இருவர் ஒரே பழுதைச் சுமப்பது அரிது. மாமன் மகளும் அத்தை மகனும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாக உடையவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. எனவே உறவு நெருங்க நெருங்க வாய்ப்பு மிகுகிறது. உறவில் மணந்தோரின் பிள்ளைகள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. உறவுத் திருமணம் பழுதை உண்டாக்குவதில்லை. மறைந்திருக்கும் இரு பழுதுகளைச் சந்திக்க வைக்கிறது. ஆகையால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் இந்நோயுற்றிருப்பின், திருமணப் பேச்சுக்கு முன்னே மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வை குறைந்த பிள்ளை பிறந்தால், பழி முழுவதையும் தாயின்மேல் சுமத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாம் கண்ட கணக்கில், தந்தையும் தாயும் ஆளுக்கொரு பிரதியைக் கொடுத்தவர்கள். ஒருவரையும் குற்றஞ் சாட்ட அதில் இடமே இல்லை. விஞ்ஞானம் விளக்கைக் கொடுத்ததோடு நில்லாது, ஒரு பெரும் பழியையும் துடைத்திருக்கிறது.

அந்திப் பொழுதில் இடறிய சிறுவனுக்கு இனி நாம் செய்யத்தக்கது யாது? கீரையும் முட்டையும் கொடுப்போம், அது நன்றே. அத்தோடு நில்லாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வெண்விழியில் நுரைபோன்ற வெண்புள்ளி தென்பட்டால் உணவுக் குறையை ஐயுறுவார். மருந்து உடனே பலன் தரும். இல்லையெனில் கண்மணியை விரித்து விழித்திரையை நோக்குவார். மாலைக்கண்ணுக்கு வேறு சில காரணங்களும் உண்டு. அவற்றையும் அவரே பிரித்தறிவார். இதற்கு நெடுந்தூரம் செல்லவும் வேண்டியதில்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-ஆம் ஆண்டிலும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. அரவிந்த் மருத்துவமனையின் கிளையும் சேலத்தில் உளது.

நிறமித் தேய்வு என்றே தெரிந்தாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. இந்நோயோடு உடன்வரும் கண்புரையை அறுவையால் நீக்கலாம். நடுப்பார்வையில் சேரும் நீர்க்கோவையை மருந்தால் குறைக்கலாம். எஞ்சிய பார்வைக்கு உருப்பெருக்கிகள் உண்டு. பள்ளியில் முன் வரிசை இடமும், தேர்வில் கூடுதல் நேரமும், தக்க தொழிற் கல்வியும் அப்பிள்ளையின் வாழ்வை நிமிர்த்தும். தன் பார்வையின் எல்லையை முன்னரே அறிந்தவன் இரவு லாரியின் சக்கரத்தைப் பிடிக்காமல் வேறு தொழிலைத் தேர்ந்துகொள்வான். அதனால் அவன் உயிரோடு பிறர் உயிரும் காக்கப்படும்.

மாணவ அன்பர்களே! ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்தறிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதல் சென்னை ஆய்வாளர் வரை பலர் உழைத்தனர். உங்கள் வகுப்பிலும் மாலை விளையாட்டில் பந்தைத் தவறவிடும் தோழன் ஒருவன் இருக்கலாம். இருட்டில் தடுமாறும் தங்கை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்களைக் கண்டு நகையாடாமல், “வா, கண்ணைக் காட்டி வருவோம்” என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அந்த நீண்ட உழைப்பின் பயன் நம் ஊரை வந்தடைய, அது ஒன்றே எஞ்சியுள்ள படி.